4.6 ஆம்பியரும் 3.6 ஆம்பியரும் சேர்ந்தால் 2.8: கலப்பெண்ணைப் பழகும் வழி

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் எடுக்கிறேன். பிளஸ் டூ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுக்குக் கலப்பெண்ணை, அதாவது சாதாரண எண்ணோடு மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் கலந்த எண்ணை, கூட்டவும் பெருக்கவும் வரும். ‘இது எதுக்கு சார்?’ என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை இல்லாத எண்ணாக நினைக்காதீர்கள். 90 டிகிரி திருப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வாத்தியார் அதை ‘ஐ’ என்பார். எங்களுக்கு ஐ என்றால் கரண்ட், ஆகவே ‘ஜே’. நோட்டில் கிடைக்கோடு போட்டு 3-ஐக் குறியுங்கள். ஜே-ஆல் பெருக்கினால் புள்ளி இடஞ்சுழியாகத் திரும்பிச் செங்குத்துக் கோட்டில் நிற்கும். மறுபடி பெருக்கினால் மைனஸ் 3. ஜே-வை ஜே-ஆல் பெருக்க மைனஸ் 1 வருவது இப்படித்தான்.

திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ரெசிஸ்டன்ஸில் கரண்ட் வோல்டேஜோடு சேர்ந்தே போகும். ரெசிஸ்டன்ஸே இல்லாத சுத்தமான காயிலில் 90 டிகிரி பின்தங்கும், கெப்பாசிட்டரில் 90 டிகிரி முந்தும். 1893-இல் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஸ்டைன்மெட்ஸ் சிகாகோ மாநாட்டில் இந்த வழியை வைத்த பிறகு ஏசி கணக்கு சாதாரண அல்ஜீப்ரா ஆகிவிட்டது.

ஒன்று போட்டுப் பாருங்கள். சப்ளை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். காயிலின் ரெசிஸ்டன்ஸ் 30 ஓம், ரியாக்டன்ஸ் (கரண்ட் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு) 40 ஓம். ரியாக்டன்ஸ் 90 டிகிரி திரும்பி நிற்பதால், இரண்டும் சேர்ந்த மொத்தத் தடையான இம்பீடன்ஸ் 30 + 40ஜே. இதன் மட்டு, அதாவது நீளம், 70 அல்ல, பிதாகரஸ்படி 50. கரண்டுக்கு 230-ஐ இதால் வகுக்க வேண்டும். மேலும் கீழும் 30 − 40ஜே-ஆல் பெருக்குங்கள், கீழே 2500 ஆகும். விடை 2.76 − 3.68ஜே, அளவு 4.6 ஆம்பியர். வேலை செய்வது மெய்ப்பகுதி மட்டும்: 230 × 2.76, சுமார் 635 வாட். மற்றது சப்ளைக்கும் காயிலுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும்.

இனி 50 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை இணையாகப் போடுங்கள். அதன் கரண்ட் +3.61ஜே. கூட்டினால் 2.76 − 0.07ஜே. வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் காயில் வயரில் மாட்டினால் 4.6, கெப்பாசிட்டர் வயரில் 3.6, மெயின் வயரில் 2.8! மீட்டரைத் தட்டிப் பார்க்காத பையனை நான் பார்த்ததில்லை. இரும்புக் கோர் காயில் என்றால் மீட்டர் கணக்கிலிருந்து கொஞ்சம் விலகும், அது பரவாயில்லை.

கெப்பாசிட்டர் 440 வோல்ட் ரன்னிங் வகையாக இருக்கட்டும். ஸ்டார்ட்டிங் வகை தொடர்ந்து தாங்காது. ஆஃப் செய்த பிறகும் சார்ஜ் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் முனையைத் தொடாதீர்கள்.

பவர் ஃபேக்டர் (மொத்தக் கரண்டில் வேலை செய்யும் பகுதியின் பங்கு) குறைந்தால் அபராதம் கட்டும் தொழிற்சாலைக்கு இந்தக் கெப்பாசிட்டர் காசு மிச்சம். வீட்டு மீட்டர் எண்ணுவது வாட்டை. போடும் முன்பும் 635, போட்ட பின்பும் 635. பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று விற்கிறார்களே ஒரு பெட்டி, அதை வாங்காதீர்கள்.