வார்னிங்கை அடக்குவது வேறு, பிழையைத் திருத்துவது வேறு: ஸ்டாடிக் அனாலிசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலை ஓட்டாமல், எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே குறை சொல்லும் கருவிகள் நமக்குப் புதியவை அல்ல. 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட்தான் இந்தக் குடும்பத்தின் மூதாதை. இன்று ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லின்ட், பைத்தானுக்குப் பைலின்ட், ரஃப், ஜாவாவுக்கு ஸ்பாட்பக்ஸ், சி++-க்கு கிளாங்-டைடி என்று இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும் பல டீம்களில் கருவி தினமும் ஓடுகிறது, கோடு (எழுதிய நிரல் வரிகள்) மட்டும் அப்படியே கிடக்கிறது. கருவி சொல்வதை எப்போது கேட்கிறோம், கேட்டுவிட்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு.

முதல் தவறு முதல் நாளிலேயே நடக்கிறது. பல வருடப் பழைய புராஜெக்டில் எல்லா விதிகளையும் போட்டு ஓட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் வார்னிங் கொட்டும். இரண்டு வாரம் ஆர்வமாகத் திருத்துவார்கள், பிறகு அந்தப் பக்கமே யாரும் போகமாட்டார்கள். டெஸ்ட் இல்லாத பழைய கோடை வார்னிங்குக்காக மொத்தமாக மாற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஓடிக்கொண்டிருந்தது உடையும். இருக்கும் வார்னிங்குகளை அப்படியே பேஸ்லைனாக, அதாவது தொடக்கக் கணக்காகப் பதிவு செய்துகொண்டு, இன்று எழுதும் வரிகளில் புதிதாக ஒன்றும் சேரவிடாமல் தடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். சோனார்க்யூப் போன்றவற்றில் புதிய கோடுக்கு மட்டும் நிபந்தனை வைக்க வசதி இருக்கிறது. பழையதை, அந்த ஃபைலில் வேறு வேலையாகக் கை வைக்கும்போது சரிசெய்தால் போதும்.

அடுத்தது நேரம். ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் இன்ஃபர் கருவியைப் பற்றி 2019-இல் எழுதிய கட்டுரையில் சொன்ன அனுபவத்தை ஒவ்வொரு டீம் லீடும் படிக்க வேண்டும் என்பேன். ஆரம்பத்தில் கருவியை இரவில் ஓட்டி, கிடைத்த பிழைகளைப் பட்டியல் போட்டு உரியவர்களிடம் கொடுத்தார்கள். திருத்தப்பட்டவை ஏறக்குறைய பூஜ்யம். பிறகு, புதிய மாற்றம் கோட் ரிவ்யூவுக்கு, அதாவது சக பொறியாளர்கள் படித்துப் பார்க்கும் கட்டத்துக்கு வரும்போதே கருவியும் அங்கே வந்து கருத்துச் சொல்லும்படி செய்தார்கள். திருத்தும் விகிதம் 70 சதவீதத்தைத் தாண்டியது. கண்டுபிடிக்கும் திறன் கூடவில்லை. சொன்ன வேளைதான் மாறியது. எழுதிய கை சூடாக இருக்கும்போது, அந்த வரி ஏன் அப்படி இருக்கிறது என்பது எழுதியவர் மனதிலேயே இருக்கும். மூன்று வாரம் கழித்து வரும் அறிக்கைக்காக அவர் எல்லாவற்றையும் மறுபடி நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது மூன்றாவது தவறு: புரிந்துகொள்ளாமல் வார்னிங்கின் வாயை அடைப்பது. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில் நடந்தது இதுதான். (ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தகவலை மறையாக்கிப் பாதுகாக்கும் நிரல் தொகுப்பு.) வால்கிரைண்ட் என்ற கருவி, தொடக்க மதிப்பு தராத நினைவகத்தை நிரல் படிப்பதாகப் புகார் சொன்னது. (வால்கிரைண்ட் நிரலை ஓட்டிப் பார்க்கும் வகை, பாடம் இரண்டு வகைக்கும் ஒன்றுதான்.) புகார் நிற்க, டெபியனில் அந்தத் தொகுப்பைப் பராமரித்தவர் இரண்டு வரிகளை எடுத்தார். பார்க்க ஒரே மாதிரியான வரிகள். அவற்றில் ஒன்றை எடுத்ததால் பெரிய நஷ்டமில்லை. மற்றதோ, ரேண்டம் எண் உருவாக்கத்துக்குத் தேவையான தற்செயல் தரவையெல்லாம் உள்ளே கலக்கும் வரி. அது போனபின் கணிக்க முடியாததாக மிஞ்சியது பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) மட்டுமே, அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் வெளியே தெரியவந்தபோது, இடையில் டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தத் தொகுப்பைக் கொண்டு உருவாக்கிய, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளையும் சான்றிதழ்களையும் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பராமரிப்பாளர் ஓபன்எஸ்எஸ்எல் தரப்பில் விசாரித்துவிட்டுத்தான் வரிகளை எடுத்தார். அப்படியும் இது நடந்தது.

ஆகவே ஒரு வார்னிங்கை அடக்குகிறீர்கள் என்றால், எந்த விதியை, எந்த வரியில், ஏன் என்று மூன்றையும் எழுதுங்கள். பைத்தானில் விதியின் எண் இல்லாமல் வெறுமனே 'நோக்யூஏ' (noqa, இந்த வரியில் வார்னிங் வேண்டாம் என்னும் குறிப்பு) என்று போட்டால், அந்த வரியில் நாளை வரப்போகும் நிஜமான பிழையும் சேர்ந்தே மறையும். தேவை தீர்ந்துபோன அடக்கல்களைக் காட்டித்தர ஈஎஸ்லின்டிலும் ரஃப்பிலும் வசதி உண்டு. அதை ஆன் செய்து வையுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, சத்தம் போடும் விதியைச் சகித்துக்கொண்டே இருப்பது. பத்தில் நான்கு எச்சரிக்கை வீண் என்றால், மிச்ச ஆறையும் யாரும் படிக்கமாட்டார்கள். கூகுளில் இதற்குக் கறாரான அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: எச்சரிக்கையைப் பார்த்த டெவலப்பர் எதுவும் செய்யவில்லை என்றால், கருவி சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அது பொய் எச்சரிக்கைக் கணக்கில்தான் சேரும், அந்த விகிதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டும் விதியைத் திருத்துங்கள், இல்லை அணைத்துவிடுங்கள். இடைவெளி, மேற்கோள் குறி, வரி நீளம் போன்றவற்றை பிளாக், பிரெட்டியர் போன்ற, கோடைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

கருவியோடு வரும் இயல்பு அமைப்பே போதும் என்று நம்புவதும் தவறுதான். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிட வேண்டி வந்தது, 'கோட்டு ஃபெயில்' (goto fail, தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்ததால். இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் தாவிவிட, சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் பகுதிக்கு நிரல் போகவே இல்லை. எட்டமுடியாத கோடைப் பிடிக்கும் எச்சரிக்கை கிளாங் என்ற கம்பைலரில் அப்போதே இருந்தது. ஆனால் வழக்கமாக எல்லாரும் போடும் டபிள்யூ-ஆல் (-Wall) ஃபிளாகில் அது சேர்த்தி இல்லை, தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் கருவியின் விதிப் பட்டியலை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள்.

எண்ணைத் துரத்துவது பற்றிச் சுருக்கமாக. மெக்கேப் 1976-இல் முன்வைத்த சைக்ளோமாட்டிக் சிக்கல் அளவு (நிரலில் எத்தனை கிளைவழிகள் என்பதைக் காட்டும் எண்) 10-ஐத் தாண்டுகிறது என்று கருவி சொன்னதும், ஒரு ஃபங்ஷனை நடுவில் வெட்டி 'பகுதி ஒன்று', 'பகுதி இரண்டு' என்று பெயர் வைத்தால் எண் இறங்கும். படிப்பவர் பாடு முன்னைவிட மோசம்.

கடைசியாக, வார்னிங் பூஜ்யம் என்றால் பிழையும் பூஜ்யம் என்ற நம்பிக்கை. நிரலின் நடத்தையைப் பற்றிய கேள்விக்கு, எல்லா நிரல்களுக்கும் தவறாமல் பதில் சொல்லும் கருவி இருக்க முடியாது என்பதை 1953-லேயே கணிதவியலாளர் ரைஸ் நிரூபித்துவிட்டார். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வருடம் இருந்தது. அந்தக் கோடைச் சோதித்துவந்த கவரிட்டி என்ற ஸ்டாடிக் அனாலிசிஸ் கருவி அதைப் பிடிக்கவில்லை. எதிர்முனை அனுப்பிய நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை நினைவகத்தை அள்ளிக் கொடுத்த பிழை அது. செய்தி வந்தபின் கவரிட்டி குழுவினர் உட்கார்ந்து யோசித்தார்கள்: நெட்வொர்க்கிலிருந்து வரும் எண்ணின் பைட் வரிசையை நிரல் மாற்றுகிறது என்றால், அந்த எண் வெளியாள் தந்தது, நம்பத்தகாதது என்று கொள்ளலாம். அதையே விதியாக்கிச் சேர்த்தார்கள், கருவி பிழையைக் காட்டியது. நம் டீமிலும் இதைச் செய்ய முடியும். தப்பித்து புரொடக்ஷனுக்கு, அதாவது பயனர்கள் கைக்குப் போன ஒவ்வொரு பிழைக்கும் பிறகு, இதே வடிவம் கோடில் வேறெங்கே இருக்கிறது என்று தேடி, செம்கிரெப் போன்ற கருவியில் சில வரிகளில் சொந்த விதி ஒன்று எழுதிச் சேர்க்கலாம்.