நாக்அவுட் ஆனால் வெற்றி யாருக்கு? எம்.எம்.ஏ. தொடக்கநிலையாளர்கள் மென்மையான போட்டிகளையும் ஸ்பாரிங்கையும் தேடும் முறை

குத்து, உதை, பிடி எல்லாம் சேர்ந்த கலப்புத் தற்காப்புக் கலையான எம்.எம்.ஏ. பயிலத் தொடங்கி ஆறு மாதமோ ஓராண்டோ ஆனவர்களுக்கு, கற்றதை அறிமுகமில்லாத ஒருவரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் வருவது இயல்பு. திங்கட்கிழமை காலையில் வேலைக்கோ வகுப்புக்கோ போயாக வேண்டும், மூளை குலுங்கும் அடி வேண்டாம் என்ற கவலை வருவதும் அதே அளவு இயல்பு. இந்த ஆவலுக்கும் கவலைக்கும் ஒருசேர இடம் தரும் போட்டிகள் இருக்கின்றன. அவற்றைத் தேடும்போது போட்டியின் பெயரையும் சுவரொட்டியையும் நம்பாமல், அமைப்பாளரிடம் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஒருவர் அடித்த அடியில் எதிராளி நினைவிழந்து விழுந்துவிட்டால், வெற்றி யாருக்கு?

அடித்தவருக்கு வெற்றி என்று பதில் வந்தால் அது ஃபுல் கான்டாக்ட் போட்டி. இடையில் எத்தனை பாதுகாப்புக் கவசங்கள் இருந்தாலும் அதன் இலக்கு எதிராளியை வீழ்த்துவதுதான். அடித்தவர் தகுதி நீக்கம் செய்யப்படுவார் என்று பதில் வந்தால் அது மெய்யாகவே லைட் கான்டாக்ட் போட்டி. சிலம்பத்தின் தொடுமுறைப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கே கம்பு உடலைத் தொட்டதற்குத்தான் புள்ளி. எவ்வளவு வலித்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தக் கேள்வியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், விதிகளை அரைகுறையாகக் கேட்டால் ஆபத்தான போட்டியும் மென்மையானதாகத் தோன்றிவிடும் என்பதே. கியோகுஷின் கராத்தேயில் முகத்தில் கையால் குத்தக் கூடாது என்று கேட்டதும் நிம்மதி பிறக்கும். ஆனால் அங்கே கையுறை அணியாமல் நெஞ்சிலும் வயிற்றிலும் முழு வலுவுடன் குத்தலாம், தலைக்குக் காலால் உதைக்கவும் செய்யலாம். குடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்புடன் கூடிய தலைக்கவசம் அணிகிறார்கள். அதை அணிந்திருக்கும் தைரியத்தில் முழு வலுவுடனே மோதுகிறார்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுத்துவிடாது. ஆகவே, கவசம் உண்டா என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘லைட் எம்.எம்.ஏ.’ என்ற பெயரிலேயே ஒரு போட்டி நம் ஊரில் நடக்கும் என்று காத்திருப்பதை விட, எம்.எம்.ஏ.வைப் பிரித்து, அதன் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் களத்தில் சோதிப்பது நல்லது. பிடித்தல், வீழ்த்துதல், தரையில் மடக்குதல் ஆகியவை ஒரு பகுதி. குத்தும் உதையும் இன்னொரு பகுதி. என் கருத்தில் முதற்போட்டி பிடிச்சண்டையாகவே இருக்க வேண்டும். அதாவது பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் வெள்ளைப் பட்டைப் பிரிவு, அல்லது ‘கி’ என்ற தடித்த பயிற்சி உடை அணியாத ‘நோ-கி’ கிராப்ளிங்கின் (பிடிச்சண்டையின்) தொடக்கநிலைப் பிரிவு. அங்கே அடிக்கே இடமில்லை. தாங்க முடியாத நிலை வந்தால் கையால் இரண்டு முறை தட்டினால் போதும், ஆட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். கை சிக்கியிருந்தால் வாயால் சொன்னாலும் நடுவர் நிறுத்திவிடுவார்.

பன்னாட்டு ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். வகுத்த விதிகள் ஒரு நல்ல அளவுகோல். வேறு அமைப்பாளர்களின் விதிகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வயது வந்தோருக்கான வெள்ளைப் பட்டை ஆட்டம் 5 நிமிடம். எதிராளியைத் தரையில் வீழ்த்தினால் 2 புள்ளி, கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2, கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் நிலைகொண்டால் 3, மேலேறி அமர்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. வெள்ளைப் பட்டையினருக்குக் குதிகாலைத் திருகும் ஹீல் ஹுக், முழங்கால் மடக்கு, மணிக்கட்டு மடக்கு ஆகியவை தடை. எதிராளியின் இடுப்பில் தாவித் தொங்குவதும் அவர்களுக்குத் தடை. அப்படித் தாவும்போது கீழே நிற்பவரின் முழங்கால் எளிதில் முறுகிவிடும். நோ-கி போட்டிகளில் இந்தத் தடைகள் அமைப்பாளருக்கு அமைப்பாளர் மாறும். எனவே, தொடக்கநிலைப் பிரிவில் ஹீல் ஹுக் அனுமதிக்கப்படுகிறதா என்று எழுத்து மூலம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அந்த மடக்கில் வலி உணரப்படும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிடக் கூடும் என்பதால், தட்டுவதற்கே நேரம் கிடைக்காமல் போகலாம்.

பிடிச்சண்டையில் காயமே வராது என்று சொல்ல மாட்டேன். முழங்கை, தோள்பட்டை, முழங்கால் மூன்றும் அடிபடும் இடங்கள். அக்காயங்களில் பல, தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் பிடிவாதம் பிடிப்பதாலும், சரியாக விழக் கற்காமல் களமிறங்குவதாலும் நேர்வன. கை நீட்டி விழும் பழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை என்றால், போட்டியை ஒத்திவைத்துவிட்டு, ஜூடோ மாஸ்டர் ஒருவரிடம் இரண்டு மாதம் விழுந்து பழகுங்கள். அந்த இரண்டு மாதம் ஒருபோதும் வீணாகாது.

குத்துக்கும் உதைக்கும் வந்தால், உலகக் கிக்பாக்ஸிங் அமைப்பான வாகோவின் பிரிவுகளே தொடக்கநிலையாளருக்கு மிகவும் பொருத்தமானவை. 2021ஆம் ஆண்டு பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் பெற்ற இவ்வமைப்புக்கு இந்தியாவில் ஒரு கூட்டமைப்பு உண்டு; அதன் போட்டிகள் ‘மேட்’ எனும் மெத்தை விரிப்பில் ஒரு வகையாகவும், கயிறு கட்டிய ரிங்கில் இன்னொரு வகையாகவும் நடக்கின்றன. மேட்டில் நடப்பவை பாயின்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட், கிக் லைட் ஆகியவை. பாயின்ட் ஃபைட்டிங்கில் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஆட்டம் நிறுத்தப்பட்டுப் புள்ளி வழங்கப்படும். லைட் கான்டாக்டிலும் கிக் லைட்டிலும் ஆட்டம் தொடர்ந்து நடக்கும். கிக் லைட்டில் தொடைக்கு உதைப்பதும் சேர்வதால், எம்.எம்.ஏ. பழகுபவருக்கு அதுவே நெருக்கமானது. அளவுக்கு மீறி அடித்தால் எச்சரிக்கை, பிறகு புள்ளிக் குறைப்பு, கடைசியில் தகுதி நீக்கம். இங்கே ஒரு பெயர்க்குழப்பம் காத்திருக்கிறது. ‘லோ கிக்’ என்ற பிரிவு ரிங்கில் நடக்கும் ஃபுல் கான்டாக்ட் பிரிவு. ‘கிக் லைட்’ மேட்டில் நடக்கும் மென்பிரிவு. விண்ணப்பத்தில் இவை அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, போட்டியன்று எதிரே நிற்பவரைப் பார்த்த பிறகு உணர்ந்து பயனில்லை.

பிரிவுகளைக் கடந்து முழு எம்.எம்.ஏ.வுக்கே வர விரும்புவோர், 2012இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அமெச்சூர் அமைப்பான ஐ.எம்.எம்.ஏ.எஃப்.இன் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. முன்னங்கால் கவசம் கட்டாயம். முழங்கையால் அடிப்பது, தலைக்கு முழங்காலால் இடிப்பது, ஹீல் ஹுக் ஆகியவை தடை. தொழில்முறை ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பாதுகாப்புதான். ஆனாலும் நம் முதற்கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், நாக்அவுட் செய்தவருக்கே வெற்றி என்ற பதிலே வரும். ஆகவே அமெச்சூர் என்ற சொல்லை மென்மை என்ற பொருளில் படித்துவிடாதீர்கள். கிராப்ளிங்கிலும் கிக் லைட்டிலும் சில ஆட்டங்கள் ஆடி முடித்தவர்களுக்கு உரியது அது.

இந்த இடைவெளியை நிரப்பும் நல்ல வழக்கம் ஒன்று பிரிட்டனில் வேரூன்றியிருக்கிறது. அதை அங்கே ‘இன்டர்கிளப்’ என்கிறார்கள். பல பயிற்சிக்கூடங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூடும். பயிற்சியாளர்கள் அமர்ந்து, எடையையும் அனுபவத்தையும் பார்த்து இணைகளை அமைப்பார்கள். ஸ்பாரிங்குக்கான (இணையோடு ஆடும் பயிற்சிச் சண்டைக்கான) கனத்த கையுறையும் முன்னங்கால் கவசமும் அணிந்து, கட்டுப்பாட்டோடு சில சுற்றுகள் ஆடுவார்கள். வெற்றி தோல்வி அறிவிக்கப்படுவதில்லை. லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ இருக்கும் தமிழர்கள் தங்கள் கூடத்தில் கேட்டாலே அடுத்த இன்டர்கிளப் எப்போது என்று தெரிந்துவிடும். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்கள் இதை ஏற்பாடு செய்யும்படி தங்கள் மாஸ்டரிடம் கேட்கலாம். இரண்டு கூடங்கள், ஆறு இணைகள், இரண்டு நிமிடச் சுற்றுகள் இரண்டு, தரையில் கிடப்பவரின் தலையில் அடி கூடாது, சுற்றை நிறுத்தும் அதிகாரம் இரு மாஸ்டர்களுக்கும் உண்டு என்ற அளவில் தொடங்கினால் போதும். செலவு மிகக் குறைவு. முன்பின் தெரியாதவரிடம் ஆடும் பதற்றமும் பாடமும் முழுமையாகக் கிடைக்கும்.

போட்டிகளை விடவும் அதிக அடி வாங்குவது ஸ்பாரிங்கில்தான். ஆண்டுக்கு இரண்டு போட்டி ஆடுபவர் வாரத்துக்கு இரண்டு முறை ஸ்பாரிங் செய்கிறார். எனவே கூடத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனமே முதன்மையானது. சேர்வதற்கு முன் ஒரு ஸ்பாரிங் வகுப்பை ஓரமாக அமர்ந்து முழுவதும் பாருங்கள். புதிதாக வந்தவரை மூத்த மாணவர் எப்படி நடத்துகிறார், ஒரு பலத்த அடி விழுந்ததும் மாஸ்டர் குரல் கொடுக்கிறாரா அல்லது சுற்றியிருப்பவர்கள் ஆர்ப்பரிக்கிறார்களா, பெண்களும் நாற்பது வயதைக் கடந்தவர்களும் அந்த வகுப்பில் இருக்கிறார்களா, ஒருவர் இன்று வேண்டாம் என்று ஒதுங்கினால் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்களா என்பனவற்றைக் கவனித்தாலே அந்த இடத்தின் இயல்பு புரிந்துவிடும். முதல் மாதத்திலேயே புதியவரை ரிங்கில் ஏற்றி ‘எவ்வளவு தாங்குகிறான் பார்க்கலாம்’ என்று சோதிக்கும் கூடத்தில், சுவரில் எத்தனை பதக்கங்கள் தொங்கினாலும் சேராதீர்கள்.

‘முப்பது சதவீத வலுவில் ஆடலாம்’ என்ற பேச்சு எல்லாக் கூடங்களிலும் உண்டு. ஆனால் தொண்ணூறு கிலோ எடையுள்ளவரின் முப்பது சதவீதம் அறுபது கிலோக்காரருக்கு முப்பது சதவீதமாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் அளவுகோல் ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது: கையுறை முகத்தைத் தொடலாம், ஆனால் தொட்ட வேகத்தில் தலை பின்னால் போகக் கூடாது. சுற்று தொடங்கும் முன்பே, “அண்ணா, தலைக்கு மெதுவா, உடம்புக்குக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. நல்ல இணை இந்தக் கேள்வியை வரவேற்பார். சுற்றின் நடுவே வலு ஏறினால் ஒரு அடி பின்வாங்கி, கையுறையைத் தட்டி, ஒப்புக்கொண்டதை நினைவூட்டுங்கள். இரண்டாம் முறையும் ஏறினால் அந்தச் சுற்றை அங்கேயே முடித்துவிட்டு மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வகுப்பிலும் முழு எம்.எம்.ஏ. ஸ்பாரிங் செய்ய வேண்டியதில்லை. ஒரு சுற்றில் உடம்புக்கு மட்டும் குத்தும் உதையும். அடுத்த சுற்றில் ஒருவர் சுவரில் முதுகை வைத்து நிற்க, மற்றவர் அவரை வீழ்த்த முயல்வது. அதற்கடுத்த சுற்றில் தரையில் தொடங்கி, மூடிய முட்டிக்குப் பதிலாக விரித்த உள்ளங்கையால் மட்டும் தட்டுவது. கடைசியாகச் சொன்ன பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். தரையில் அடி விழும் என்ற உணர்வு இருப்பதால், ஜியு-ஜிட்சுவில் செல்லுபடியாகும் சோம்பலான நிலைகள் எல்லாம் தாமாகவே கழன்றுவிடும். தலைக்கோ சேதம் மிகக் குறைவு.

போட்டிகளைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வருவோம். கிராப்ளிங் போட்டிகளுக்கு ஸ்மூத்காம்ப் என்ற பதிவுத் தளத்தில் நாட்டையும் விளையாட்டையும் தேர்ந்தெடுத்துத் தேடலாம்; அங்கே ஒவ்வொரு பிரிவிலும் இதுவரை எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். கிக்பாக்ஸிங் போட்டிகளுக்கு வழி வேறு: சங்கத்தில் இணைந்த கூடத்தின் வழியாக மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் செல்ல வேண்டியிருக்கும், எனவே உங்கள் கூடம் எந்தச் சங்கத்தில் இணைந்தது என்று சேரும்போதே கேளுங்கள். பல சிறு போட்டிகள் இன்ஸ்டாகிராமிலும் மாஸ்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் மட்டுமே அறிவிக்கப்படுகின்றன.

பதிவதற்கு முன் அமைப்பாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். மேட்டருகே மருத்துவர் இருப்பாரா, வாசலில் ஆம்புலன்ஸ் நிற்குமா, எடை எப்போது பார்ப்பார்கள், விதிமுறைக் கூட்டம் உண்டா என்பவற்றோடு, என் பிரிவில் ஆள் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் கேளுங்கள். சிறு போட்டிகளில் இந்தக் கடைசிக் கேள்விதான் உண்மையான ஆபத்தைக் காட்டும். எழுபது கிலோ வெள்ளைப் பட்டையில் ஆளில்லை என்று சொல்லி, அந்த இடத்திலேயே எண்பத்தைந்து கிலோக்காரரோடோ மேல் பட்டையினரோடோ சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்தால் ஆட மாட்டேன், கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதைக் கடந்தவர்கள் மாஸ்டர்ஸ் பிரிவு உண்டா என்றும் கேட்கலாம். இருபது வயதுக் கல்லூரி மாணவரோடு மோதி நிரூபிக்க வேண்டியது எதுவுமில்லை.

கீழ் எடைப் பிரிவில் ஆடுவதற்காகத் தண்ணீரைத் தவிர்த்து எடையைக் குறைக்காதீர்கள். 2015 டிசம்பரில் மணிலாவில், ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. நிறுவனத்தின் ஆட்டத்துக்காக எடை குறைத்த யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன வீரர் உயிரிழந்தார். அதற்குப் பிறகே அந்த நிறுவனம் தன் எடை விதிகளை மாற்றியது. தொழில்முறை வீரருக்கே அந்த நிலை என்றால், முதற்போட்டிக்குப் போகும் நாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வழக்கமாக இருக்கும் எடையிலேயே பதியுங்கள். ஆட்டத்துக்குச் சற்று முன்பு எடை பார்க்கும் போட்டிகளே இதற்கு உகந்தவை.

நம் ஊர் ஈரப்பதத்தில் மேட்டிலிருந்து படர்தாமரை தொற்றுவது மிகச் சாதாரணம். தோலில் வட்டமாகச் சிவந்திருந்தால், ஆறும் வரை யாரையும் பிடிக்காதீர்கள். நகத்தை வெட்டிவிட்டு, வகுப்பு முடிந்தவுடன் குளியுங்கள்.

கடைசியாக, தலையில் அடிபட்ட பின் தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, தடுமாற்றம், எரிச்சல், வெளிச்சம் கூசுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது, மருத்துவரைப் பாருங்கள். மயங்கி விழுந்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரைப்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் மெல்ல நடப்பது போன்ற இலேசான அசைவோடு ஓய்வு, பிறகு மெல்லோட்டம், ஆளைத் தொடாத பயிற்சி என்று படிப்படியாக ஏறி, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே ஸ்பாரிங்குக்குத் திரும்ப வேண்டும். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இப்படி நேர்ந்தால், அன்றைக்கே அமைப்பாளரை அழைத்துப் பெயரை விலக்கச் சொல்லுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை. போட்டியன்று பார்வையாளராகச் சென்று, உங்கள் பிரிவில் யார் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.