காய்த்த அத்தி மரத்தடியில் ஒரு காலைப்பொழுது: உயிர்களின் கொடுக்கல் வாங்கலைக் கவனிக்கும் முறை

ஓர் உயிர் மற்றோர் உயிரைச் சார்ந்திருப்பதைக் கண்ணால் காண விரும்புபவர்கள், விலங்குகளைத் தேடிக் காட்டுப்பாதையில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். பினாங்கில் அவ்வளவு நடக்கத் தேவையில்லை. காய்த்திருக்கும் அத்தி மரம் ஒன்றின் அடியில் அசையாமல் நின்றால் உயிர்கள் தாமே வந்து சேரும். மலாயில் ‘ஆரா’ எனப்படும் இம்மரங்களைத் தண்ணீர்மலைப் பகுதியில், 1884-இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவிலும் அதைச் சூழ்ந்த காட்டிலும் காணலாம். ஆலும் அரசும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை.

வெயில் ஏறுவதற்குள் செல்லுங்கள். தொலைநோக்கி, உருப்பெருக்கி, சிறு கத்தி, குறிப்பேடு ஆகியவை போதும். உணவுப் பொட்டலம் வேண்டாம். என்னுடைய நாசி லெமாக் ஒன்று நீள்வால் குரங்கின் கைக்குப் போன பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பாருங்கள். கீழே விழுந்துள்ள பழம் ஒன்றை எடுத்து நெடுக்காகப் பிளந்து உருப்பெருக்கியால் நோக்குங்கள். அரிதான ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம்; உண்மையில் அத்தி ஒவ்வொரு முறையும் பூத்த பிறகே பழுக்கிறது, பூக்கள் உட்சுவரில் நெருங்கியிருப்பதால்தான் நமக்குத் தெரிவதில்லை. ஆல் போன்ற வகைகளில், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி, நுனியிலுள்ள இடுக்கு வழியாகப் பெரும்பாலும் தன் இறகுகளை இழந்தபடி உள்ளே நுழைந்து, தான் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, அவற்றுள் சிலவற்றில் முட்டையிட்டுவிட்டு அங்கேயே இறந்துபோகிறது. அதன் மகன்கள் இறகில்லாமல் பிறந்து, இணைசேர்ந்து, சுவரில் துளையிட்டு வழி திறக்கின்றன. மகள்கள் புதிய மகரந்தத்துடன் அவ்வழியே வெளியேறுகின்றன. அவற்றின் வாழ்நாள் ஓரிரு நாட்களே என்பதால், அதற்குள் ஏற்ற பருவத்தில் உள்ள வேறொரு மரம் அவற்றுக்குக் கிடைத்தாக வேண்டும். ஆகவே ஒரே வகை அத்தி மரங்கள் வெவ்வேறு காலங்களில் காய்க்கின்றன. மற்ற மரங்களில் கனியில்லாத நாட்களிலும் காட்டு உயிர்களுக்கு அத்தி உணவளிப்பது இதன் விளைவே.

இனி மேலே நோக்குங்கள். உண்ண வரும் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, மரத்திலிருந்து அதற்கு ஓர் அம்பு வரையுங்கள். பதிலுக்கு மரம் என்ன பெறுகிறது என்று கேட்ட பிறகே எதிரம்பு வரையுங்கள். ‘பழம் தின்றது’ என்று எழுதி நிறுத்துவது, என் கருத்தில், பாதி வேலைகூட அன்று. கொண்டைக்குருவி பழத்தை விழுங்கி விதைகளை எச்சத்தோடு வேறிடத்தில் இடுகிறது. பச்சைப்புறாவோ அதே கிளையில் அதே பழத்தை உண்டாலும், விதைகளைத் தன் இரைப்பையில் அரைத்துவிடுகிறது. எனவே அதற்கு எதிரம்பு இல்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருங்குரங்கு இலைகளையும் தின்னும். அதன் பல அறை வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே அவ்விலைகளைச் செரிக்க உதவுவதால், கண்ணுக்குத் தெரியாத அந்த அம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரங்குகளுக்கு உணவளிக்காதீர்கள், அது தடைசெய்யப்பட்டது என்பதோடு, நீங்கள் பார்க்க வந்த உறவையே கெடுத்துவிடும்.

அடுத்து, அருகிலுள்ள வேறு மரங்களின் கவைகளைத் தேடுங்கள். பறவை எச்சத்தில் முளைத்த அத்திக்கன்று அங்கிருந்து வேர்களைத் தரைவரை இறக்கிக்கொண்டிருக்கலாம். எல்லோருக்கும் ஊட்டிய மரம், இடம் கொடுத்த மரத்தை நெருக்கி, அதன் ஒளியை மறைத்துக் கொல்லவும் கூடும். ஆனால் அதே கவையில் தொற்றியிருக்கும் பெரணி, தாங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இரண்டையும் ஒரே குறியில் அடைத்துவிடாதீர்கள்.

புறப்படும் முன் தேதியையும் காய்களின் நிலையையும் குறித்துக்கொண்டு, கனிகள் தீர்ந்தபின் அதே மரத்தடியில் அதே நேரத்திற்கு ஒருமுறை நின்று, அப்போதும் வருபவை எவை என்று பழைய படத்தின்மேல் வேறு மையால் குறியுங்கள்.