பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டத்தின் வாரிசுரிமையை ஆராய்வது எப்படி: டெவன் ஏர்ல் பட்டத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பிரிட்டனின் பரம்பரைப் பிரபுப் பட்டம் ஒன்று யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தின் கொடிவழியை வரைவதிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்குபவர்கள் பாதி வழியில் தடுமாறிப்போவதுண்டு. பட்டத்தை வழங்கிய அரச சாசனம் வாரிசு யார் என்று வரையறுத்துள்ள வாசகத்தை முதலில் படிக்க வேண்டும்; அந்த வாசகம் கையில் இருந்தால்தான் கொடிவழியில் எந்தக் கிளையைப் பின்தொடர்வது என்பது தெரியவரும். இதைத் தெளிவாகக் காட்டும் பட்டம், தென்மேற்கு இங்கிலாந்தின் பவுடர்ஹாம் கோட்டையில் வாழ்ந்துவரும் கோர்ட்னி குடும்பத்தின் டெவன் ஏர்ல் பட்டம். (ஏர்ல் என்பது பிரபுப் பட்டங்களின் ஐந்து படிகளில் நடுப்படி; அதற்கு மேலே டியூக், மார்க்குவிஸ் ஆகியவையும் கீழே வைகவுண்ட், பாரன் ஆகியவையும் உள்ளன.)

ஆராய வேண்டியது எந்தப் பட்டம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயருள்ள பட்டம் பலமுறை புதிதாக வழங்கப்பட்டிருக்கலாம். அவை ஒவ்வொன்றும் சட்டத்தின் பார்வையில் தனித்தனிப் பட்டங்களே. டெவன் ஏர்ல் பட்டம் 12ஆம் நூற்றாண்டில் ரெட்வர்ஸ் குடும்பத்திடம் இருந்தது. 1335இல் கோர்ட்னி குடும்பத்துக்கு வந்தது. அக்குடும்பத்தினருக்கே 1485, 1511, 1553 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வழங்கப்பட்டது. ராஜதுரோகத் தீர்ப்புகளால் பட்டங்கள் பறிக்கப்பட்டதே இத்தனை முறை வழங்க நேர்ந்ததற்கு முக்கியக் காரணம். எக்சிட்டர் மார்க்குவிஸ் ஹென்றி கோர்ட்னிக்கு எட்டாம் ஹென்றி 1538இல் மரண தண்டனை நிறைவேற்றியபோது சிறுவனாக இருந்த மகன் எட்வர்ட், லண்டன் கோபுரச் சிறையில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். 1553இல் அரியணை ஏறிய முதலாம் மேரி அவரை விடுவித்து, டெவன் ஏர்ல் ஆக்கினார். இப்போது நிலைத்திருப்பது அந்த 1553ஆம் ஆண்டுப் பட்டமே. டெவன்ஷயர் என்ற பெயரில் 1618இல் காவண்டிஷ் குடும்பத்துக்கு அளிக்கப்பட்டு, 1694இல் டியூக் தகுதிக்கு உயர்ந்த பட்டத்தை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்து, சாசனத்தின் வாரிசு வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். வழக்கமான வாசகம், பட்டம் பெற்றவருக்கும் அவருடைய உடலிலிருந்து முறைப்படி தோன்றும் ஆண் வாரிசுகளுக்கும் பட்டத்தை அளிக்கும். அதன்படி, முதலில் பட்டம் பெற்றவரின் ஆண்வழிச் சந்ததி அற்றுப்போனால் பட்டமும் முடிந்துபோகும். எட்வர்டின் சாசனமோ அவருக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அவருடைய உடலிலிருந்து என்ற நிபந்தனை அதில் இல்லை. எட்வர்ட் 1556இல் இத்தாலியின் பாதுவா நகரில், மணமாகாமலே இறந்தார். பட்டம் ஒழிந்துவிட்டதாகவே அனைவரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1831இல் பிரபுக்கள் சபை, விடுபட்ட நிபந்தனையை இருப்பதாகக் கொள்ள முடியாது என்ற வாதத்தை ஏற்று, எட்வர்டின் தாயாதியான மூன்றாம் வைகவுண்ட் கோர்ட்னிக்கு ஏர்ல் பட்டம் உரியது என்று தீர்ப்பளித்தது. இருவருக்கும் பொதுவான ஆண்வழி முன்னோர் 1377இல் இறந்தவர்! மணமாகாத ஒருவருக்குப் பட்டம் தந்த மேரி, அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட குடும்பம் முழுவதையும் மனத்தில் கொண்டே வாசகத்தை அவ்வாறு விரித்தார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எனினும் இதை எல்லாப் பட்டங்களுக்கும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். இதே அடிப்படையில் வில்ட்ஸ் ஏர்ல் பட்டத்துக்கு எழுப்பப்பட்ட உரிமையை அதே சபை 1869இல் நிராகரித்துவிட்டது.

வாசகம் தெளிவான பிறகு கொடிவழிக்கு வாருங்கள். கடைசியாகப் பட்டம் வகித்தவரிடமிருந்து தொடங்கி, அவருக்கு மகன் இல்லையென்றால் அவருடைய சகோதரர்களின் கிளைகள், பிறகு தந்தையின் சகோதரர்களின் கிளைகள் என ஒவ்வொரு தலைமுறையாக மேலேறி, ஒவ்வொரு கிளையிலும் மூத்தவர் வழியை முதலில் முடித்துவிட்டு இளையவர் வழிக்குச் செல்ல வேண்டும். ஒரே மனிதருக்குப் பல பட்டங்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனியாக இதைச் செய்து பார்ப்பது அவசியம். 1831இல் வென்ற அதே கோர்ட்னி, அதாவது ஒன்பதாம் ஏர்ல், 1835இல் மணமாகாமல் பாரிஸில் இறந்தபோது நடந்ததைக் கவனியுங்கள். அடுத்த ஆண் வாரிசாக இருந்த வில்லியம் கோர்ட்னியின் பாட்டனார், இறந்தவருடைய பாட்டனாரின் தம்பி. வைகவுண்ட் பட்டம் 1762இல் இறந்தவருடைய பாட்டனாருக்கு, அவருடைய உடலிலிருந்து தோன்றும் ஆண் வாரிசுகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்டது. தம்பியின் பேரன் அந்த வரம்புக்கு வெளியே நின்றதால் அது அன்றே முடிந்துபோனது. ஏர்ல் பட்டமோ எந்தத் தடையுமின்றி வில்லியமிடம் சென்று, அவர் பத்தாம் ஏர்ல் ஆனார்.

பெண்களுக்கு இடம் உண்டா என்பதையும் சாசனமோ தனிச்சட்டமோதான் சொல்லும். மார்ல்பரோ டியூக் பட்டம் மகள்களுக்கும் செல்லலாம் என்று 1706இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதால், 1722இல் முதல் டியூக்கின் மூத்த மகள் ஹென்றியெட்டா அதைப் பெற்றார். சாசனம் இல்லாமல், நாடாளுமன்றத்துக்கு வருமாறு அரசர் விடுத்த அழைப்பாணையின் வழியே உருவான பழைய இங்கிலாந்து பாரன் பட்டங்களில் வேறொரு முறை நிலவுகிறது: மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் அனைவரும் சம உரிமை பெறுவதால், அரசர் ஒருவருக்குச் சாதகமாக முடிவு செய்யும்வரையோ, ஒரே வாரிசு மிஞ்சும்வரையோ பட்டம் நிறுத்திவைக்கப்படும்.

கொடிவழியில் ஒவ்வொரு பிறப்பும் முறையான திருமணத்தின் வழிப்பட்டதா என்று சரிபாருங்கள். தத்துப் பிள்ளைகள் பட்டத்தைப் பெற முடியாது. வரிசை எண்களையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும்: 1556க்கும் 1831க்கும் இடையே எவரும் தம்மை டெவன் ஏர்ல் என்று அழைத்துக்கொள்ளாதபோதும், சட்டப்படி உரிமை பெற்றிருந்த ஏழு பவுடர்ஹாம் கோர்ட்னிகள் பின்னாளில் எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டார்கள், அதனாலேயே 1831இல் வென்றவர் இரண்டாம் ஏர்ல் ஆகாமல் ஒன்பதாமவர் ஆனார். 2015இல் பட்டத்துக்கு வந்தவர் பத்தொன்பதாம் ஏர்ல்.

இறுதியாக, பிரபுக்கள் பதிவேட்டைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டின் அரச ஆணைப்படி பேணப்படும் இப்பதிவேட்டில் பெயர் இடம்பெற வேண்டுமானால், வாரிசு தம் உரிமையைச் சான்றுகளோடு நிறுவ வேண்டும். பெயர் இல்லாதவரை அரசு ஆவணங்களில் அப்பட்டத்தால் குறிப்பிட மாட்டார்கள். ஒரு பட்டத்துக்கு எதிரே எவருடைய பெயரும் இல்லையென்றால் அது ஒழிந்துவிட்டதாக உடனே முடிவு செய்யாமல், சான்றுகளைத் தர யாரேனும் இன்னும் முன்வரவில்லையா என்பதை மேற்சொன்ன முறையில் கொடிவழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.