ஹைட்ரஜன் எஃகு: கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

"ஹைட்ரஜனை வைத்து எஃகு செய்தால் புகைக்குப் பதிலாக நீராவிதான் வரும்." இது உண்மைதான். ஆனால் இந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் பல தவறான முடிவுகளுக்குப் போய்விடுவோம்.

நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனை எரிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு இங்கே வேலை வேறு. தாதுவில் இரும்பு ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக இரும்பு எடுக்கும் ஊது உலையில் அந்த ஆக்சிஜனைப் பிடுங்குவது கல்கரியிலிருந்து (காற்றில்லாமல் சூடேற்றிய நிலக்கரி) உருவாகும் கார்பன் மோனாக்சைடு. பிடுங்கியதும் அது கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதே வேலையை ஹைட்ரஜன் செய்தால் மிஞ்சுவது தண்ணீர்.

ஸ்வீடனின் லூலியோ நகரில் ஹைப்ரிட் (HYBRIT) என்ற ஹைட்ரஜன் எஃகுத் திட்டத்தின் சோதனை ஆலை 2020-ல் தொடங்கியது. கோலிக்குண்டு அளவுத் தாது உருண்டைகள் உயரமான உலையின் மேலிருந்து மெல்ல இறங்கும். சூடான ஹைட்ரஜன் கீழிருந்து ஏறும். எதுவும் உருகுவதில்லை. உருண்டை உருண்டையாகவே இருக்கும், உள்ளே மட்டும் ஆக்சிஜன் போன இடமெல்லாம் நுண்துளைகள். இதுதான் ஸ்பாஞ்ச் அயர்ன். அப்புறம் அதை, மின்சாரத்தின் வெப்பத்தில் உருக்கும் மின்வில் உலையில் உருக்கி எஃகாக்குகிறார்கள். 2021-ல் அங்கிருந்து வந்த இரும்பு எஃகாகி வோல்வோ நிறுவனத்துக்குப் போனது.

சரி, பெரிய தவறு எது? உலையின் வாயைப் பார்த்துவிட்டு, அதற்கு வரும் மின்கம்பியைப் பார்க்காமல் விடுவது. ஒரு டன் எஃகுக்குச் சுமார் 55 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட் மின்சாரமாவது ஆகும். ஹைட்ரஜனுக்கு மட்டும் 2,750 யூனிட். சூடேற்றுவது, உருக்குவது எல்லாம் சேர்த்தால் 3,500-ஐத் தொடும். இந்திய மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பெருக்கிப் பாருங்கள்: 2,450 கிலோ. ஊது உலையை விட்டு வந்தோம், ஆனால் நிலக்கரியை விட்டு வரவில்லை. அது அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஸ்வீடனின் வடக்கில் நீர்மின்சாரம் இருப்பதால்தான் அங்கே கணக்கு தேறுகிறது. அதனால் இப்படி ஒரு திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது ஆலையின் கொள்ளளவை அல்ல, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை.

ஹைட்ரஜன் என்ற பெயரைக் கேட்டதுமே சுத்தம் என்று எண்ணுவதும் இதே வகைத் தவறுதான். டிரினிடாடில் 1990-களின் இறுதியிலேயே முழுக்க ஹைட்ரஜனால் இரும்பு எடுக்கும் ஆலை இருந்தது. அந்த ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்து வந்தது. அந்த வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நிலக்கரி வழியைவிடக் குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

ஊது உலையில் ஹைட்ரஜனைச் செலுத்துவது வேறு, ஹைட்ரஜனால் மட்டுமே இரும்பு எடுப்பது வேறு. 2023-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் செய்த சோதனை முதல் வகை. ஊது உலையில் கல்கரி வெறும் எரிபொருளோ வேதிப்பொருளோ மட்டுமல்ல. மேலே இருக்கும் தாதுவின் எடையைத் தாங்கி, வாயு ஏற வழிவிடுவதும் அதுதான். அதை முழுசாக எடுத்துவிட முடியாது. அதனால் இந்த முறையில் உமிழ்வு ஓரளவுதான் குறையும். முயற்சி நல்லதுதான், இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

தாதுவின் தரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊது உலையில் மண்ணும் சிலிக்காவும் உருகிக் கசடாகப் பிரிந்துவிடும். ஸ்பாஞ்ச் அயர்ன் உலையில் எதுவும் உருகாததால் அவை இரும்போடே தங்கி மின்வில் உலைக்குப் போகும். அங்கே அவற்றை உருக்கவும் மின்சாரம் செலவாகும். அதனால்தான் இரும்பு 67 சதவீதம் அளவுக்கு உள்ள உருண்டைகளைக் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட தாது எல்லா நாட்டிலும் எளிதில் கிடைப்பதில்லை.

கார்பனே இல்லாத எஃகு என்று சொல்வதும் சரியில்லை. எஃகுக்கு உறுதி கொடுப்பதே அதில் கலந்திருக்கும் கொஞ்சம் கார்பன்தான். ஹைட்ரஜன் வழியில் வரும் இரும்பில் அது இருக்காது, பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, 'பசுமை எஃகு' என்ற முத்திரை. இந்திய அரசு 2024 டிசம்பரில் இதற்கு வரையறை வெளியிட்டது. ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே உமிழ்வு இருந்தால் நட்சத்திரம் உண்டு, 1.6-க்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். ஹைட்ரஜன் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. பழைய இரும்பை உருக்கிச் செய்த எஃகும், ஒரு கிராம் ஹைட்ரஜன் படாமலே, அந்த நட்சத்திரத்தை வாங்கலாம்.