உப்புக்காற்று வீசும் ஊரில் பவர் ஆம்ப் வாங்கும்போது

ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் எங்கள் ஊர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கடல் தெரியும். அந்த உப்புக்காற்றுதான் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிபயரையும் தின்னும். 1914இல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்களே, அதன் தூக்குப் பகுதியைத் துரு அந்த அளவுக்கு அரித்திருந்தது. அவ்வளவு கனத்த இரும்புக்கே அந்த நிலைமை என்றால், முடி கனமுள்ள செப்புத் தடம் ஓடும் ஒரு போர்டு எத்தனை நாள் தாங்கும்?

"எத்தனை வாட் அண்ணே வாங்கலாம்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். முதலில் உங்கள் ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள். 87 டெசிபல் என்பது போல ஓர் எண் போட்டிருக்கும், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் அது. நம் வீடுகளில் இருக்கிற 12க்கு 10 அடி அறையில், எதிர்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாலும் இரண்டு ஸ்பீக்கரும் ஆளுக்கொரு வாட்டிலேயே 80 டெசிபலைத் தொட்டுவிடும். பக்கத்தில் இருந்து பேசுகிறவர் குரல் 60ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் 50 வாட் எதற்கு? தவிலில் ஓர் அடி விழுகிறதே, அந்தக் கணத்துக்காக. ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தைவிட அது 15 டெசிபல் எகிறினால் அந்த நொடிக்கு 30 மடங்கு வாட் வேண்டும், ஆம்ப் கொடுக்க முடியாமல் திணறினால் அடி மொட்டையாகக் கேட்கும், தொடர்ந்து அப்படியே ஓட்டினால் ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர், கருகும். ஆனால் 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே வீட்டுக்கு 40 முதல் 60 வாட், ஆனால் நிஜ வாட்.

நிஜ வாட்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. பி.எம்.பி.ஓ. என்று, அதாவது கணநேர உச்சத்தை ஊதிப் பெருக்கி, ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட் எத்தனை, எத்தனை ஓம் ஸ்பீக்கரில், இடது வலது இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போதா, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று கேளுங்கள். 10 சதவீதத்தில் சொன்ன வாட்டுக்கும் 0.1 சதவீதத்தில் சொன்ன வாட்டுக்கும் நிறைய தூரம். பின்னால் இருக்கும் ப்யூஸையும் பாருங்கள். 2 ஆம்பியர் ப்யூஸ் என்றால் 230 வோல்ட்டில் 460 வாட்தான் தொடர்ந்து உள்ளே போக முடியும், 2000 வாட் எப்படி வெளியே வரும்?

கடையில் அசெம்பிள் செய்து வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 5200, 1943 ட்ரான்சிஸ்டர் போட்ட போர்டு நல்ல போர்டுதான், ஆனால் அந்த நம்பரில் போலி அதிகம் வருகிறது, தெரிந்த கடையில் வாங்குங்கள். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் ட்ரான்ஸ்பார்மர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 50 வாட்டை ஒட்டி வரும். அது போதும். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருந்தால் கரண்டை இரண்டு மடங்கு இழுக்கும், ஆம்ப் 4 ஓமுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஆம்பில் கிளாஸ் ஏ, ஏபி, டி என்று வகைகள் உண்டு. கிளாஸ் ஏ இந்த வெயிலுக்கு வேண்டாம், பாடினாலும் பாடாவிட்டாலும் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஏபி, டி இரண்டும் சரி. சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்குகிற தெருவில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண ட்ரான்ஸ்பார்மர் ஆம்பில் வோல்டேஜ் குறையக் குறைய வாட் அதன் வர்க்கத்தில் குறையும், அதாவது 180இல் 60 சதவீதம்தான் மிஞ்சும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். சப்ளை (லேப்டாப் சார்ஜரில் இருப்பது போன்றது) இதைச் சமாளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் எதுவாக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இனி உப்பு. ஃபேன் வைத்த ஆம்பை நான் இங்கே யாருக்கும் சொல்வதில்லை, அது நாள் முழுக்க உப்புக்காற்றை இழுத்துப் போர்டின் மேல் பூசும். பெரிய ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் அலுமினியப் பட்டை) உள்ளதை எடுங்கள். என் ஆம்பில் மூன்றாவது வருஷம் இடது பக்கம் வந்து வந்து போனது, வால்யூமைக் கூட்டினால் திடீரென்று பிடித்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் ஸ்பீக்கர் ரிலேயின், அதாவது ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சின், முனை கருத்துப்போயிருந்தது. சின்னப் பொருள்தான், ஆனால் அதே ரிலே கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஒயரிலும் இதே கதை. தோலை உரித்து பிளேடால் ஓர் இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது, எங்கள் வீட்டில் அது ஒரு மழைக்காலத்துக்குள் மாவாக உதிர்ந்தது. முழுச் செம்பு ஒயர் வாங்கி, முனையில் ஈயம் பற்ற வைத்து முறுக்குங்கள். பாலிதீன் உறை மட்டும் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். தினமும் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய செட் பல வீடுகளில் இருக்கும். செருகுவதற்கு முன் பின்பக்கம் படியுங்கள். சவூதியில் முன்பு பல வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் விற்றது என்றால் 100 வோல்ட். நேராக நம் 230இல் போட்டால் போனதுதான். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் 220க்கோ 240க்கோ மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் நம்மூர் 50 ஹெர்ட்ஸில் அதன் ட்ரான்ஸ்பார்மர் கூடுதலாகச் சுடும், மூடியைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துப் பாருங்கள்.

வெறும் பவர் ஆம்பில் வால்யூம் இருக்காது, முன்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீ ஆம்போ, வால்யூம் உள்ள டேக்கோ (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு உங்கள் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு போங்கள். பாட்டு எதுவும் போடாமல் ஆன் செய்து ட்வீட்டரில் காதை வைத்தால் மெல்லிய இரைச்சல் வரலாம், ஆனால் "ம்ம்ம்" என்று இரைந்தால் வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து அவுட்புட்டை அளக்கச் சொல்லுங்கள். 50க்கு மேல் காட்டினால் வேறு ஆம்பை எடுங்கள்.