சின்ன ரிவால்வருக்கு கை வலிக்காத கிரிப் பாத்து எடுக்கறது எப்படி
அமெரிக்கால மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்கு நிறைய பேர் வாங்கற ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, அஞ்சு ரவுண்டு பிடிக்கும், .38 ஸ்பெஷல்ங்கற வகை தோட்டா, எடை அரை கிலோ கூட இல்ல, அதனால சுடும்போது உதை மொத்தமும் உள்ளங்கையிலதான் இறங்கும். அதனால முதல்ல கிரிப், அதாவது கைப்பிடி, துப்பாக்கியோட பின்பக்க மெட்டல மூடுதா இல்லையான்னு பாருங்க, மூடின ரப்பர்னா வலி நல்லாவே குறையும், ஆனா ட்ரிகருக்கு எட்டற தூரம் கூடிடும், சின்ன கைக்காரங்க கடையிலயே பிடிச்சுப் பாத்துடணும்.

பாக்கெட்ல வைக்கிறீங்கன்னா ரப்பர் துணிய பிடிச்சுக்கும், அதுக்கு மரம்தான் என் சாய்ஸ், வழுக்கிட்டு வெளிய வரும். சுண்டுவிரல் தொங்கற குட்டை கிரிப் நல்லா மறையும், பிடி கொஞ்சம் குறையும். கிரிப் இடதுபக்கம் தடிமனா இருந்தா ஸ்பீட்லோடர் (எல்லா தோட்டாவையும் ஒரே தடவையில போடற சாதனம்) இடிக்கும்.

கிரிப் மாத்தறதுக்கு முன்னாடி சிலிண்டர (தோட்டா இருக்கற உருளை) திறந்து காலியான்னு ரெண்டு தடவை பாருங்க, ப்ளீஸ்.